நாஸ் பெட்டி ஏன் திணறுகிறது? கடற்கரை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வீட்டு நெட்வொர்க்கில் தனியாக நிற்கும் சேமிப்புப் பெட்டியை நாஸ் என்கிறோம். கல்யாண வீடியோ, பிள்ளைகளின் படங்கள், சினிமா என எல்லாவற்றையும் அதில் போட்டு, அதே பெட்டியில் பிளெக்ஸ் அல்லது ஜெல்லிஃபின் மீடியா சர்வரையும் ஓடவிட்டு, டிவியிலும் போனிலும் பார்ப்பது இன்று பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. 2024இல் நாஸ் தயாரிக்கும் சினாலஜி நிறுவனம், தன் பெட்டிகளை இயக்கும் டிஎஸ்எம் மென்பொருளின் 7.2.2 பதிப்பிலிருந்து வீடியோ ஸ்டேஷன் என்ற தன் வீடியோ ஆப்பை எடுத்துவிட்ட பிறகு இந்த மென்பொருள்களுக்கு மாறியவர்கள் இன்னும் அதிகம். பெட்டி தாங்கவில்லை என்று ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கீழக்கரை வாசகர்

கேள்வி: துபாயில் இருக்கும் எங்கள் காக்கா (அண்ணன்) வாங்கிக் கொடுத்த சினாலஜி டிஎஸ்224 பிளஸ் பெட்டியில் 4 டிபி டிஸ்க் இரண்டு போட்டிருக்கிறேன். மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனி அறைக்குள் ஓட்டும் டாக்கரில் ஜெல்லிஃபின் ஓடுகிறது. குடும்ப வீடியோ, சினிமா எல்லாம் சேர்த்து எண்ணூறு ஃபைல்களை ஒரே மூச்சில் ஏற்றினேன். அதிலிருந்து பெட்டியின் லாகின் பக்கம் திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. லோடு ஆவரேஜ் 18 காட்டுகிறது. சிபியுவில் யூசர் 12 சதவீதம்தான். யாரும் எதையும் பார்க்காத நேரத்திலும் இதே கதி. பெட்டி பழுதாகிவிட்டதா?

பதில்: நீங்கள் எழுதிய எண்களைப் பார்த்தால் பெட்டி பழுதாகத் தெரியவில்லை. லோடு 18, சிபியு 12 என்றால் பிராசஸர் திணறவில்லை, டிஸ்க் திணறுகிறது. லினக்ஸ் காட்டும் லோடு ஆவரேஜில் சிபியுவுக்காகக் காத்திருக்கும் வேலைகள் மட்டுமல்ல, டிஸ்க்கிலிருந்து பதில் வரும்வரை அசையாமல் நிற்கும் வேலைகளும் சேர்த்தி. ரேஷன் கடையில் பில் போடுபவர் சும்மா உட்கார்ந்திருக்க, குடோனிலிருந்து மூட்டை வரவில்லை என்று வரிசை தெருமுனைவரை நிற்பது போன்ற நிலை இது. உங்கள் பெட்டியின் செலரான் ஜே4125 பிராசஸரில் 4 கோர். லோடு 4ஐ ஒட்டி இருந்தால் கவலையில்லை. 18 என்பது நீண்ட வரிசை.

எதையும் மாற்றுவதற்கு முன் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து மூன்று இடங்களைப் பாருங்கள். சிபியு பகுதியில் யூசர், சிஸ்டம், ஐஓ வெயிட் (டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம்) என்று பிரித்துக் காட்டும். ஐஓ வெயிட் தொடர்ந்து 30, 40 சதவீதத்துக்கு மேல் நின்றால் டிஸ்க்தான் முட்டுக்கட்டை. டிஸ்க் பகுதியில் யூட்டிலைசேஷன் 95க்கு மேலேயே நின்றால் அது உறுதி. மெமரி பகுதியில் ரேம் நிரம்பி ஸ்வாப் பயன்பாடு ஏறிக்கொண்டே போனால் முக்கியக் காரணமும் அகப்பட்டுவிட்டது. பெட்டியோடு வரும் ரேம் 2 ஜிபி. டிஎஸ்எம், ஜெல்லிஃபின் இரண்டும் அதற்குள் நெருக்கித்தான் ஓட வேண்டும். இடம் போதாதபோது ரேமில் இருப்பதை ஹார்டு டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும், அதுதான் ஸ்வாப். படிக்க வேண்டிய வீடியோ இருப்பதும் அதே டிஸ்க்கில். லாகின் பக்கம் திறக்க ஐந்து நிமிடம் ஆவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

அடுத்து ஒரு சோதனை. கன்டெய்னர் மேனேஜரில் ஜெல்லிஃபினை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். லோடு ஆவரேஜின் மூன்று எண்களும் முறையே 1, 5, 15 நிமிடச் சராசரி. அதனால் முதல் எண்ணை மட்டும் கவனித்தால் போதும். அது 1க்குக் கீழே இறங்கினால் சுமை ஜெல்லிஃபினுடையது. இறங்காவிட்டால் ஃபைல்களைப் படித்துப் பட்டியலிடும் டிஎஸ்எம்மின் இண்டெக்ஸிங், சினாலஜி போட்டோஸின் முகம் அடையாளம் காணும் வேலை, ஆன்டிவைரஸ் ஸ்கேன், ரெய்டு (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவலை வைக்கும் முறை) சரிபார்ப்பு ஆகியவற்றில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பலர் இந்தச் சோதனையைச் செய்யாமலே மீடியா சர்வரை அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அப்படிச் செய்தால் முடிந்த ஸ்கேனும் போய், முதலிலிருந்து தொடங்கும்.

யாரும் படம் பார்க்காதபோது ஜெல்லிஃபின் என்னதான் செய்கிறது? புதிதாக வந்த ஒவ்வொரு ஃபைலையும் திறந்து கோடெக் (வீடியோவைச் சுருக்கிய முறை), ஆடியோ, சப்டைட்டில் விவரம் எடுக்கிறது. இது சிறிய வேலை. கனமானது ட்ரிக்பிளே. படத்தை முன்னும் பின்னும் நகர்த்தும்போது தெரியும் குட்டிப் படங்களுக்காக, வழக்கமான அமைப்பில் 10 விநாடிக்கு ஒன்று எடுக்கும். 3 மணி நேரக் கல்யாண வீடியோவுக்கு 1,080 படம். அதற்காக வீடியோவை முழுக்கப் படித்து டிகோட் செய்தாக, அதாவது சுருக்கத்தைப் பிரித்தாக, வேண்டும். உங்களிடம் அப்படி எண்ணூறு ஃபைல்! சாப்டர் படங்களும் இதே வகைச் சுமைதான்.

ஆகவே டேஷ்போர்டில் லைப்ரரி ஒவ்வொன்றின் செட்டிங்கையும் திறந்து, ட்ரிக்பிளே படம் எடுப்பதையும் சாப்டர் படம் எடுப்பதையும் அணைத்துவிடுங்கள். ‘லைப்ரரி ஸ்கேன் நடக்கும்போதே எடு’ என்ற பொருளில் இரண்டுக்கும் தனித்தனி டிக் இருக்கும், அவற்றையும் எடுத்துவிடுங்கள். ஜெனரல் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் ஒரே நேரத்தில் எத்தனை ஸ்கேன் வேலை ஓடலாம் என்ற வரம்பு இருக்கிறது, அதில் 1 போடுங்கள். ட்ரிக்பிளே அவசியம் வேண்டும் என்றால், கீஃப்ரேம்களிலிருந்து (வீடியோவில் இடையிடையே முழுதாகப் பதிந்திருக்கும் படங்கள்) மட்டும் எடுக்கும் வசதியைப் போட்டு, ஸ்கெட்யூல்டு டாஸ்க்ஸில் இரவு 1 மணிக்குத் தொடங்கி 4 மணி நேரத்தில் நின்றுவிடும்படி நேர வரம்பு வையுங்கள். சில வாரங்களில் முடிந்துவிடும், பகலில் உங்களுக்குத் தொந்தரவும் இருக்காது.

பிறகு டிஎஸ்எம் பக்கம். இண்டெக்ஸிங் சர்வீஸின் மீடியா பட்டியலிலிருந்து ஜெல்லிஃபின் பார்க்கும் வீடியோ ஃபோல்டரை நீக்குங்கள். யுனிவர்சல் சர்ச்சிலும் அந்த ஃபோல்டர் வேண்டாம். ஒரே ஃபைலை இரண்டு மென்பொருள் போட்டி போட்டுப் படிக்கும்போது டிஸ்க்கின் ஹெட் இங்கும் அங்கும் ஓடியே நேரம் போய்விடும்.

காசு செலவழிப்பதென்றால் முதலில் ரேமுக்குச் செலவழியுங்கள். இந்தப் பெட்டியில் ஒரு காலி ஸ்லாட் உண்டு. 4 ஜிபி டிடிஆர்4 சோடிம், ஈசிசி இல்லாத வகை, ஒன்று போட்டால் மொத்தம் 6 ஜிபி. லேப்டாப் சர்வீஸ் செய்பவரிடம் கொடுத்தால் பத்து நிமிட வேலை. அதுவரை கன்டெய்னருக்கு 1 ஜிபி மெமரி வரம்பு வையுங்கள். வரம்பை மீறினால் ஜெல்லிஃபின் மட்டும் விழுந்து எழும், பெட்டி மொத்தமாக உறையாது. இனி ஃபைல்களை ஐம்பது ஐம்பதாக ஏற்றி, ஸ்கேன் முடிந்ததைப் பார்த்த பிறகு அடுத்த கட்டை ஏற்றுங்கள். எவ்வளவு மெதுவாக இருந்தாலும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்காதீர்கள். அதனால் வரும் கெடுதல் ராமேஸ்வரம் வாசகருக்கான பதிலில் இருக்கிறது.

தங்கச்சிமடம் ஸ்டூடியோ உரிமையாளர்

கேள்வி: பாம்பன் பாலத்தையும் கடலையும் ட்ரோனில் 4கே, 60 ஃப்ரேமில் எடுத்து வைத்திருக்கிறோம். எச்.265, விநாடிக்கு 100 மெகாபிட். கடைக்கு வருபவர்களுக்கு டிவியில் பிளெக்ஸ் வழியாகப் போட்டுக் காட்டுகிறோம். ஒரு கிளிப் ஓடினாலே சினாலஜி டிஎஸ்220 பிளஸின் சிபியு 100 சதவீதம் போய் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. கம்ப்யூட்டரில் அதே ஃபைலை நேரடியாகத் திறந்தால் நன்றாக ஓடுகிறது. பிளெக்ஸுக்குக் காசு கட்டவில்லை.

பதில்: முந்தைய கடிதத்தில் டிஸ்க் திணறியது, உங்களிடம் பிராசஸர் திணறுகிறது. பெட்டி அந்த வீடியோவை அந்தக் கணத்திலேயே வேறு வடிவுக்கு மாற்றி டிவிக்கு அனுப்பப் பார்க்கிறது. அதுதான் டிரான்ஸ்கோட். பிளெக்ஸ் தரும் தோராயக் கணக்குப்படி, சாதாரண 1080பி எச்.264 வீடியோ ஒன்றை மாற்ற, பிராசஸரின் வேகத்தை அளக்கும் பாஸ்மார்க் மதிப்பெண் 2,000 உள்ள பிராசஸர் வேண்டும். 4கே எச்டிஆர் ஒன்றுக்கு 17,000. உங்கள் பெட்டியின் செலரான் ஜே4025 இரண்டு கோர் உள்ளது, முதல் எண்ணையே எட்டாது.

கிளிப் ஓடும்போது பிளெக்ஸ் டேஷ்போர்டைத் திறந்து பாருங்கள். டைரக்ட் பிளே என்றிருந்தால் ஃபைல் உள்ளபடியே போகிறது, பெட்டிக்குச் சுமையே இல்லை. டைரக்ட் ஸ்ட்ரீம் என்றால் வீடியோவைப் பொதிந்திருக்கும் உறையை மட்டும் மாற்றுகிறது, அதுவும் லேசான வேலை. டிரான்ஸ்கோட் என்றால் வீடியோவா ஆடியோவா என்று கவனியுங்கள். ஆடியோ மட்டும் என்றால் பரவாயில்லை. வீடியோ டிரான்ஸ்கோட்தான் பெட்டியை அமுக்கும்.

அது ஏன் தொடங்குகிறது என்பதற்கு வழக்கமான காரணங்கள் சில. டிவி ஆப்பின் குவாலிட்டி ‘ஒரிஜினல்’ அல்லது ‘மேக்ஸிமம்’ என்று இல்லாமல் 8 மெகாபிட், 20 மெகாபிட் என்று அமைந்திருக்கும். 100 மெகாபிட் ஃபைலை அதற்குள் அடக்கப் பெட்டி மாற்றத் தொடங்கிவிடும். டிவியின் பிரவுசரில் பார்த்தால் பல டிவிகளில் எச்.265 ஓடாது. டிவிக்குரிய பிளெக்ஸ் ஆப்பில் பாருங்கள். சப்டைட்டில் போட்டிருந்தால் அணைத்துப் பாருங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் வட்டம் சுற்றினால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். கடையில் விற்கும் டிவிகளில் பெரும்பாலானவற்றின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வேகம்தான். கையில் கிடைப்பது 94, 95. உங்கள் கிளிப்புக்கே 100 வேண்டும், அலையும் மணலும் நிறைந்த காட்சியில் அதற்கு மேலும் ஏறும். இந்த ஓரிடத்தில் மட்டும் கேபிளைவிட 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகம் கூடுதலாகத் தரும். ரவுட்டர் அதே அறையில் இருந்தால் கேபிளைக் கழற்றிவிட்டு வைஃபையில் ஓட்டிப் பாருங்கள்.

ஆனால் கடைக்கு வருபவருக்கு மாஸ்டர் ஃபைலைத்தான் காட்ட வேண்டும் என்று என்ன கட்டாயம்? மாஸ்டர்களைத் தனி ஃபோல்டரில் வைத்து, அந்த ஃபோல்டரை பிளெக்ஸ் லைப்ரரியில் சேர்க்காமல் விடுங்கள். காட்டுவதற்கு மட்டும் எடிட்டிங் கம்ப்யூட்டரில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளைப் போட்டு ஒரு நகல் எடுங்கள்: எச்.264, 8 பிட், 1080பி, தர அளவான ஆர்எஃப் 20 முதல் 22, ஆடியோ இருந்தால் ஏஏசி ஸ்டீரியோ, ‘வெப் ஆப்டிமைஸ்டு’ டிக். மாஸ்டரில் ஒரு நிமிடம் 750 எம்பி பிடிக்கிறது. 10 மெகாபிட் நகலில் நிமிடத்துக்கு 75 எம்பிதான். எந்த டிவியிலும் டைரக்ட் பிளே ஆகும், நாஸின் சிபியு 5 சதவீதத்தைக்கூடத் தொடாது. இந்த மாற்று வேலையை நாஸில் செய்ய வேண்டாம். எடிட்டிங் கம்ப்யூட்டரில் உள்ள கிராஃபிக்ஸ் கார்டு அதை வெகு சீக்கிரம் முடித்துவிடும்.

இன்னொரு வழி ஹார்டுவேர் டிரான்ஸ்கோட், அதாவது பிராசஸரில் வீடியோவுக்கென்றே உள்ள தனிப் பகுதியால் மாற்றுவது. ஜே4025இல் இன்டெல் குயிக் சிங்க் என்ற அந்தப் பகுதி இருக்கிறது, ஆனால் பிளெக்ஸில் அதைப் பயன்படுத்த பிளெக்ஸ் பாஸ் என்ற கட்டணத் திட்டத்தை வாங்க வேண்டும். ஜெல்லிஃபினில் இலவசம். டாக்கரில் போட்டால், பெட்டியின் ‘டெவ்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘டிஆர்ஐ’ என்ற சாதனத்தை கன்டெய்னருக்குள் கொடுக்க மறக்காதீர்கள். அதைக் கொடுக்காமல் செட்டிங்கில் மட்டும் குயிக் சிங்க் போட்டால், படம் ஓடத் தொடங்கும்போதே பிளேபேக் பிழை என்று நின்றுவிடும். கடிதம் கடிதமாக இதே குறை வருகிறது.

தேவிபட்டினம் வாசகி

கேள்வி: தமிழ் சப்டைட்டில் போட்டால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. அதோடு படமும் நின்று நின்று ஓடுகிறது. ஆங்கில சப்டைட்டிலில் இந்தத் தொல்லை இல்லை.

பதில்: கட்டமாகத் தெரிவதும் நின்று ஓடுவதும் ஒரே காரணத்தால், சகோதரி. சப்டைட்டிலை டிவியே காட்டாமல், சர்வர் படத்தின் மேல் எழுதி அனுப்புகிறது. ஒவ்வொரு ஃப்ரேமையும் பிரித்து எழுதி மூட வேண்டியிருப்பதால் சிபியு ஏறுகிறது. எழுதும் சர்வரிடம் தமிழ் எழுத்துரு இல்லாததால் கட்டம் விழுகிறது. ஆங்கிலச் சப்டைட்டில் வெறும் எழுத்தாக இருக்கும் எஸ்ஆர்டி வகையாகவும், தமிழ் எழுத்துரு, நிறம் எல்லாம் அமைத்த ஏஎஸ்எஸ் வகையாகவும் இருக்கக்கூடும். தமிழையும் எஸ்ஆர்டியாக மாற்றி, யூடிஎஃப்-8 முறையில் சேமித்து, படத்தின் பெயரையே ஃபைலுக்கும் வைத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். ப்ளூரே டிஸ்க்கிலிருந்து வரும் பிஜிஎஸ் சப்டைட்டில் எழுத்தே அல்ல, படம். அதைப் பல டிவிகளுக்கு எழுதித்தான் அனுப்ப வேண்டியிருக்கும், முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். ஜெல்லிஃபின் என்றால் பிளேபேக் செட்டிங்கில் மாற்று எழுத்துரு ஃபோல்டர் காட்டும் வசதி இருக்கிறது, அதில் ஒரு யூனிகோடு தமிழ் எழுத்துருவைப் போட்டுவிடலாம். கட்டத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று தெரிந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் அடித்த ஃபைல். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே பயன்படும்.

ராமேஸ்வரம் வாசகர்

கேள்வி: வாடைக் காலத்தில் மின்சாரம் அடிக்கடி போய்வருகிறது. கரண்ட் வந்த பிறகு ஒரு நாள் முழுக்க நாஸ் ஆமை வேகத்தில்தான் இருக்கிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. பிறகும் ஏன்?

பதில்: இன்வெர்ட்டர் இருப்பதும் நாஸுக்கு யுபிஎஸ் இருப்பதும் ஒன்றல்ல. இரண்டு இடங்களில் கோட்டை விடுகிறது. மின்சாரம் போன கணத்தில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு எடுத்துக்கொள்ளும் இடைவெளியில் ஃபேனும் விளக்கும் ஒரு கண் சிமிட்டிவிட்டுப் பிழைத்துக்கொள்ளும், நாஸ் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். இன்வெர்ட்டரின் பின்புறம் யுபிஎஸ் மோட் என்ற சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள், இடைவெளி குறையும். இரண்டாவது, புயல் நாளில் மணிக்கணக்காக மின்சாரம் இல்லாமல் பேட்டரி தீரும்போது ‘அணையப் போகிறேன்’ என்று நாஸுக்குச் சொல்ல இன்வெர்ட்டருக்கு வழி இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்றுவிடும்.

அப்படி நின்றால் இரண்டு டிஸ்க்கிலும் இருப்பது ஒன்றா என்று ரெய்டு சரிபார்க்கத் தொடங்கும். அளவைப் பொறுத்து மணிக்கணக்கில் ஓடும் வேலை அது. அதே நேரத்தில் மீடியா சர்வரும் எழுந்து லைப்ரரி முழுவதையும் ஸ்கேன் செய்யத் தொடங்கும். ஒரே டிஸ்க் இரண்டையும் சுமக்கிறது. ஒரு நாள் மந்தம் இதனால்தான். ஸ்டோரேஜ் மேனேஜரைத் திறந்தால் சரிபார்ப்பு எத்தனை சதவீதம் என்று தெரியும். அது முடியும்வரை மீடியா சர்வரை நிறுத்திவையுங்கள். சரிபார்ப்பின் வேகத்தைக் குறைத்து மற்ற வேலைகளுக்கு வழிவிடும் செட்டிங்கும் அங்கேயே உண்டு. இருந்தாலும் சீக்கிரம் முடியவிடுவதே நல்லது, சரிபார்ப்பு முடியாத நிலையில் மறுபடி மின்சாரம் போனால் ஆபத்து கூடும்.

நிரந்தரத் தீர்வு, யுஎஸ்பி போர்ட் உள்ள 600 விஏ யுபிஎஸ். இரண்டு டிஸ்க் போட்ட நாஸ் 20 வாட்டை ஒட்டித்தான் எடுக்கும், ரவுட்டரையும் சேர்த்தே தாங்கும். வாங்கும்போது யுபிஎஸ்ஸின் அட்டைப்பெட்டியில் யுஎஸ்பி டேட்டா போர்ட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மலிவான பலவற்றில் அது இருக்காது, போன் சார்ஜ் செய்யும் யுஎஸ்பி பயன்படாது. கேபிளை நாஸில் செருகி, கன்ட்ரோல் பேனலில் ஹார்டுவேர் அண்ட் பவர், யுபிஎஸ் பகுதியில் ஆதரவை இயக்கி, மின்சாரம் போய் 5 நிமிடத்தில் பாதுகாப்பாக நின்றுவிடும்படி வையுங்கள். யுபிஎஸ்ஸை இன்வெர்ட்டர் லைனிலேயே செருகலாம், ஆனால் சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால் சில யுபிஎஸ்கள் அந்த மின்சாரத்தை ஏற்காமல் பேட்டரிக்கே தாவிக்கொண்டிருக்கும். சைன் அலை இன்வெர்ட்டரில் இந்தச் சிக்கல் இராது.

பெரியபட்டினம் வாசகர்

கேள்வி: பெட்டி ஜன்னலோரம் இருக்கிறது. மீடியா சர்வரை நிறுத்தினாலும் ஐஓ வெயிட் இறங்கவில்லை. சில படங்கள் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

பதில்: முதலில் காப்பி எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. ஒரே இடத்தில் நிற்பது டிஸ்க்கில் அந்தப் பகுதி படிக்க முடியாமல் போவதன் அறிகுறி. ஒரு செக்டரை (டிஸ்க்கின் ஒரு சிறு துண்டு) திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும் நேரமெல்லாம் மற்ற வேலைகள் வரிசையில் நிற்கும். முக்கியமான குடும்ப வீடியோக்களை வெளி டிஸ்க்குக்கு எடுத்த பிறகு, ஸ்டோரேஜ் மேனேஜரில் டிஸ்க் தன் நலத்தைப் பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்து, நான்கு வரிசை எண்களுக்கு நேரே உள்ள ரா மதிப்பைப் பாருங்கள். 5, 197, 198 ஆகியவற்றில் 0 இருக்க வேண்டும். 197இல் சில செக்டர் காட்டி, அடுத்த வாரம் இன்னும் ஏறியிருந்தால் அந்த டிஸ்க்கை நம்ப வேண்டாம். 199 மட்டும் ஏறினால் டிஸ்க் நன்றாக இருக்கலாம், இணைப்பில்தான் கோளாறு.

இங்கேதான் ஜன்னலுக்கு வருகிறோம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உப்பும் நுண்மணலும் கலந்து உள்ளே வரும். உப்புப் படிவு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் இணைப்பு முனைகள் பாசி பிடித்தாற்போல் மங்கும். பெட்டியை அணைத்து டிஸ்க் ட்ரேயை வெளியே இழுத்து, தங்கப் பூச்சு முனைகளை வெளிச்சத்தில் பாருங்கள். பச்சையாகவோ மங்கலாகவோ இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் ஒற்றி, நன்றாகக் காய்ந்த பின் செருகுங்கள். தண்ணீர்த் துணி கூடவே கூடாது. பின்புற ஃபேனை உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தால் போதும். கடலைப் பார்த்த ஜன்னலிலிருந்து எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள், ஆனால் மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். அங்கே டிஸ்க் சூடு 50 டிகிரியைத் தாண்டும். 45க்குள் வைத்திருக்கப் பாருங்கள்.

புது டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆர் வகையா என்று கேட்டு வாங்குங்கள். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கில் சிறு சிறு எழுத்து வேலைகள் தொடர்ந்து வந்தால் வேகம் படுத்துவிடும், ரெய்டில் மாற்றி ஏற்றும்போது நாட்கணக்காகும்.

தொண்டி வாசகர்

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் தம்பி எங்கள் ஜெல்லிஃபினில் பார்க்கத் தொடங்கினாலே வீட்டில் நாங்கள் பார்க்கும் படம் நிற்கிறது. அவனுக்கும் சரியாக வருவதில்லை.

பதில்: வெளியூர்க்காரருக்கு வேகம் போதாதபோது அவர் ஆப் தானாகவே தரத்தைக் குறைத்துக் கேட்கும். உடனே உங்கள் பெட்டி டிரான்ஸ்கோட்டில் இறங்கிவிடும். டேஷ்போர்டில் தம்பியின் யூசர் கணக்கைத் திறந்து, டிரான்ஸ்கோட் தேவைப்படும் வீடியோவை அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். பிறகு அவர் பார்க்க விரும்பும் வீடியோக்களுக்கு மட்டும் 720பி, 3 மெகாபிட் நகல் எடுத்துத் தனி லைப்ரரியாக அவருக்குக் காட்டுங்கள். அவர் ஆப்பில் குவாலிட்டி உச்சத்தில் இருக்கட்டும். நேராக ஓடும், வீட்டில் யாருக்கும் தொந்தரவு இல்லை.

இணைப்புக்காக ரவுட்டரில் ஜெல்லிஃபினின் 8096 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தால் மூடிவிடுங்கள். யார் வேண்டுமானாலும் கதவைத் தட்டலாம் என்ற நிலை அது, மறையாக்கமும் இல்லை. இரண்டு இடங்களையும் தனிப் பாதையில் இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் மென்பொருளை இரண்டு பக்கமும் நிறுவினால் போதும். ரவுட்டரின் வான் (WAN, இணையப் பக்கம்) முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் உங்கள் இணைப்பு, பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரி தரும் சிஜிநாட்டுக்குள் இருக்கிறது, போர்ட் திறந்தாலும் பயனில்லை, இந்த வழிதான் கைகொடுக்கும். பிளெக்ஸுக்கு மாறலாமா என்று கேட்பவர்களுக்கும் சேர்த்து: 2025 ஏப்ரல் 29 முதல் வீட்டுக்கு வெளியிலிருந்து வீடியோ பார்க்க பிளெக்ஸில் கட்டணம் உண்டு. நேர் இணைப்பு அமையாமல் பிளெக்ஸின் சர்வர் நடுவில் நின்று கடத்தும் ரிலே வழியாகப் போனால் அதிகபட்சம் 2 எம்பிபிஎஸ்தான்.

மண்டபம் வாசகர்

கேள்வி: எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டில் மூன்று டிவி. புதிதாகப் பெரிய நாஸ் வாங்கலாமா?

பதில்: விலை கூடிய நாஸ் என்பதால் வீடியோ மாற்றும் திறன் கூடும் என்று நம்பி வாங்காதீர்கள். சினாலஜி டிஎஸ்923 பிளஸ் நான்கு டிஸ்க் பிடிக்கும் நல்ல பெட்டி. ஆனால் அதிலுள்ள ஏஎம்டி ஆர்1600 பிராசஸரில் கிராஃபிக்ஸ் பகுதியே இல்லை. ஹார்டுவேர் டிரான்ஸ்கோட் அதில் நடக்காது. உங்களுக்குப் பொருத்தமானது இருக்கும் நாஸைச் சேமிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, இன்டெல் என்100 பிராசஸர் உள்ள மினி பிசி ஒன்றை மீடியா சர்வராக வைப்பது. 6 வாட் வகைப் பிராசஸர்தான், ஆனால் அதன் குயிக் சிங்க் 10 பிட் எச்.265ஐயும், ஏவி1 என்ற புதிய வீடியோ வகையையும் ஹார்டுவேரிலேயே டிகோட் செய்யும். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி போதும்.

அமைக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ஜெல்லிஃபினின் கான்ஃபிக் ஃபோல்டர், அதாவது அதன் டேட்டாபேஸ், மினி பிசியின் எஸ்எஸ்டியிலேயே இருக்க வேண்டும். நாஸின் ஷேர் ஃபோல்டரில் வைத்தால் ஃபைல் லாக்கிங் (ஒரே நேரத்தில் இருவர் எழுதாமல் பூட்டுவது) ஒழுங்காக வேலை செய்யாமல் டேட்டாபேஸ் கெட்டுப்போகும். வீடியோக்கள் மட்டும் ஷேர் வழியாக, படிக்க மட்டும் அனுமதியோடு வரட்டும். ஷேரில் வரும் புதுப் படங்கள் மினி பிசிக்குத் தானாகத் தெரியாது. ரியல்டைம் மானிட்டரிங்கை அணைத்துவிட்டு, தினமும் அதிகாலை ஒரு முறை ஸ்கேன் என்று நேரம் வைத்துவிடுங்கள். பகலில் படம் ஏற்றினால் டேஷ்போர்டில் ஸ்கேன் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் சேர்ந்துவிடும்.